காவல்காரன் வீட்டுச் சுவர்

சுயுனின் லாரி மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டதும், ஜோல்தோஷ் தேநீர்க் கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தான். அவசரமில்லாமல் போய்க் கேட்டின் பூட்டைத் திறந்தான். கேட் மட்டும்தான் மிச்சம். இரண்டு பக்கமும் ஓடிய கம்பிவேலி தாஷ்-கொரோ கிராமத்து ஆட்டுப்பட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வேலி இல்லாத கேட்டுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்கக் கூடாது. லாரி போக வேறு வழி கிடையாது. பூட்டு இருந்தால்தான் திறந்துவிடுகிறவனுக்கு மரியாதை.

"சலாம் அண்ணே! இன்னைக்குப் பொணத்துக்குக் காவலா, புதையலுக்குக் காவலா?" என்று சுயுன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"உன்னை மாதிரி களவாணிப் பயலுக்குக் காவல்."

"அப்ப நல்லாத்தான் காக்குற. மேட்டுல பாதி எங்க வீட்டு வாசல்ல கெடக்கு."

சுயுன் இறங்கி, துணியில் சுற்றிய ஆட்டுத் தொடையை முக்காலியில் வைத்தான். "எங்க வீட்டுக்காரி குடுத்துவிட்டா. நீ தின்னாத்தான் அவளுக்குத் தூக்கம் வருமாம்."

"அவளைத் தூங்க வைக்கவே நான் பொறந்திருக்கேன்" என்று சொல்லித் தொடையை எடுத்துத் தன் காவல் குடிசைக்குள் மாட்டினான் ஜோல்தோஷ். இதற்கு லஞ்சம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் கொடுத்து வாங்குவது என்றுதான் பேச்சு. லஞ்சம் எந்த ஊரில் தன் சொந்தப் பெயரோடு வந்திருக்கிறது?

எதிரே சாம்பல் மேடு. மலைக்குள் தங்கம் எடுத்த காலத்தில் பாறையை உடைத்து மாவாக அரைத்து, தங்கத்தை உருவிக்கொண்டு, மிச்சக் குழம்பை இங்கேதான் கொட்டினார்கள். சோவியத் போயிற்று. ஆலை மூடியது. எஞ்சினியர்கள் பெட்டி கட்டிக்கொண்டு போனார்கள். மேட்டை மட்டும் யாரும் கட்டிக்கொண்டு போகவில்லை. பிறகு ஒரு காலத்தில் யாரோ வந்து வேலி போட்டு, மண்டையோடு வரைந்த இரும்புப் பலகை ஒன்றை நட்டு, ஜோல்தோஷைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பலகை இப்போது அவன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரை. மண்டையோடு உள்பக்கம். கோழிகள் அதைப் பார்த்துக்கொண்டே முட்டையிட்டன.

பலகையில் விஷம் என்று எழுதியிருந்தது. அதை அவன் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. மேட்டில் தங்கம் இன்னும் மிச்சமிருக்கிறது, மேலே எவனோ விலை பேசிக்கொண்டிருக்கிறான், பேரம் படிகிறவரை ஊர்க்காரன் கை வைக்காமலிருக்கத்தான் இந்தப் பூச்சாண்டி என்பது எல்லோருடைய முடிவு. அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. கூட்டுப்பண்ணை ஆடுகளைப் பங்கு வைத்தபோது அதிகாரிகள் பொய் சொன்னார்கள். ஆலை மறுபடி திறக்கும் என்று பொய் சொன்னார்கள். ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னார்கள். அதைத்தான் யாரும் நம்பவில்லை.

அந்தக் குழம்பு காய்ந்து ஆன மேட்டு மணலோ மாவு மாதிரி இருந்தது. சலிக்க வேண்டாம், கழுவ வேண்டாம். ஆற்றங்கரைக் களிமண்ணோடு குழைத்துப் பூசினால் சுவர் கன்னம் போல வழவழவென்று வரும்.

அந்தக் கோடையில் ஜோல்தோஷ் தன் ஒரே மகன் எர்மெக்குக்குக் கல்யாணம் முடித்து, தன் வீட்டை ஒட்டியே அவனுக்கும் ஒரு வீடு கட்டினான். ஊர் முழுக்க அஷாருக்கு வந்தது. வீடு கட்டுகிறவனுக்கு ஊரே திரண்டு வந்து உழைப்பதுதான் அஷார். கூலி கிடையாது. சோறு போட்டால் போதும். ஆண்கள் வைக்கோலும் மண்ணும் மிதித்துப் பச்சைச் செங்கல் அறுத்தார்கள். பெண்கள் கொப்பரையில் கறிச்சோறு கிண்டினார்கள். உள்பூச்சுக்கு மட்டும் ஜோல்தோஷ் களிமண்ணை வெகுவாகக் குறைத்துவிட்டு மேட்டு மணலையே அள்ளி அள்ளிக் குழைத்தான். காவல்காரன் வீட்டுக்கே நல்ல மணல் இல்லையென்றால் எப்படி?

"மருமகளே, இங்க வந்து முகம் பாரு! கண்ணாடி மாதிரி பூசியிருக்கேன்" என்று ஏணியிலிருந்து கத்தினான் சுயுன்.

புதுமணப்பெண் பெர்மெத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். "முகம் தெரியலையே சின்ன மாமா. உங்க மூக்குதான் தெரியுது."

அஷாரே சிரித்தது. ஜோல்தோஷுக்குப் பெருமை தாங்கவில்லை. பெர்மெத் வாயாடியில்லை, ஆனால் ஊமையுமில்லை. அவனுக்குத் தேநீர் ஊற்றும்போது கிண்ணத்தில் பாதிகூட ஊற்றமாட்டாள். கொஞ்சமாக ஊற்றினால், இருங்கள், இன்னும் ஊற்றுகிறேன் என்று பொருள். ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். அவள் ஊற்றும் அளவைப் பார்த்தால் மாமனார் பொழுது சாயும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் போலிருந்தது.

ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் ரகியா அன்றைக்கு வந்தவள், வேலையில் கை வைக்காமல் குழைத்த மண்ணைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இது அந்த மேட்டு மணலா?"

"வேற எந்த மணலு இவ்வளவு அழகா இருக்கும்?"

"அழகா இருக்கும். உள்ளே பாஷாணம் இருக்கு. ஆர்செனிக். போன வருஷமே ஊர்க் கூட்டத்துல சொன்னேன்ல?"

சுயுன் ஏணியில் நின்றபடி சொன்னான்: "பாஷாணமா? ரொம்ப நல்லதாப் போச்சு அக்கா. எலித் தொல்லை இல்லாத வீடு!"

மறுபடி சிரிப்பு. ஜோல்தோஷும் சிரித்தான். "ரகியா, நான் வருஷக்கணக்கா அதுக்குப் பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"செத்தப்புறம் கேக்க முடியாதேன்னுதான் இப்பவே கேக்குறேன்" என்றாள் ரகியா. அவன் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கை நிறையச் சோளமணி மாதிரி காய்ப்பு. "இது என்ன?"

"கடிவாளம் பிடிச்ச கை அப்படித்தான் இருக்கும்" என்று கையை உருவிக்கொண்டான்.

ரகியா கறிச்சோறு சாப்பிடாமலே போய்விட்டாள். அவளுக்கு மேலிடத்தில் யாரோ காசு கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்று மாலையே ஊரில் ஒரு கதை கிளம்பிற்று.

இலையுதிர் காலத்தில் எர்மெக் எல்லா இளவட்டங்களையும் போல ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். பெர்மெத் புது வீட்டில் இருந்தாள். பனி விழத் தொடங்கும்போது அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது.

ஜோல்தோஷ் மனைவி கலிமாவிடம் எதுவும் கேட்கவில்லை. மாமனார் அதையெல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் சந்தைக்குப் போனவன் புளிப்பு ஆப்பிள் வாங்கி வந்தான். உலர்ந்த ஏப்ரிகாட் பழம் வாங்கி வந்தான். குதிரையில் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய், உப்பு தூக்கலான தயிர் உருண்டை ஒரு பை வாங்கி வந்து, எதுவும் சொல்லாமல் அவள் கதவுப்பக்கம் வைத்துவிட்டு வந்தான். மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளை குறையோடு பிறக்கும் என்பது அவன் நம்பிக்கை. அதிகாரியை நம்பாதவன் இதை நம்பினான்.

"என்ன குடுத்தாலும் வாந்தி எடுக்குறா" என்றாள் கலிமா.

"பையன்தான். பையனாத்தான் இருப்பான். எர்மெக் உன் வயித்துல இருக்கும்போது நீயும் இப்படித்தானே?"

"நான் இவ்வளவு எடுக்கல" என்றாள் கலிமா. ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பனி உருகியது. தரையின் ஈரம் சுவரில் ஏறிற்று. அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. உப்பு பூக்கிறது, மண்சுவர் என்றால் பூக்கத்தான் செய்யும் என்று கலிமா துடைப்பத்தால் தட்டிவிட்டாள். மறுநாள் மறுபடி பூத்தது. வீடு முழுக்க மழை விழுந்த மண்ணின் வாசம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த வாசம் என்ன செய்யும் என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆப்பிள் பூக்கிற சமயத்தில் பெர்மெத்துக்கு மாசம் நிறையாமலே வலி கண்டது. சுயுனின் லாரியில்தான் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க சுயுன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. ஜோல்தோஷ் வராந்தாவில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து குழந்தை அழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தான். அழுகை கேட்டது. ஆனால் அது கலிமாவின் அழுகை.

பையன்தான். முடியெல்லாம் இருந்தது. ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை.

மண்வெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் ஜோல்தோஷே அந்தச் சின்னக் குழியை வெட்டினான். மவுல்வி ஒரு பெயர் வைக்கச் சொன்னார். அவனுக்குத் தன் அப்பாவின் பெயர் நினைவுக்கு வந்தது. அதை வைத்தான். ரஷ்யாவிலிருந்து எர்மெக் போனில் கேட்டான்: "என்னப்பா குறை வச்சோம்? சாப்பாட்டுல குறை வச்சோமா?"

"ஒரு குறையும் வைக்கலடா" என்றான் ஜோல்தோஷ். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

பெர்மெத் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அவள் உள்ளங்கையிலும் கழுத்திலும் தோலில் படர்ந்திருந்த படைகளைப் பார்த்த டாக்டர், தலைமுடியில் கொஞ்சம் வெட்டித் தலைநகர் பிஷ்கெக்குக்குச் சோதனைக்கு அனுப்பினார். அவள் திரும்பி வருமுன் புது வீட்டைச் சுத்தம் செய்யப் போனார்கள் கணவனும் மனைவியும். படுக்கை மெத்தைகளை வெயிலில் போட வேண்டும். சுவரோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மெத்தைகளை ஜோல்தோஷ் ஒவ்வொன்றாக இறக்கினான்.

அடுக்குக்குப் பின்னால் சுவரில் ஒரு குழி இருந்தது.

சோற்றுக்கிண்ணம் ஒன்றை உள்ளே வைக்கலாம், அத்தனை ஆழம். எலி தோண்டியதில்லை. விளிம்பில் விரல் நகம் கீறிய கோடுகள். குழியைச் சுற்றிப் பூத்திருந்த வெள்ளை உப்பு ஓரிடத்தில் மட்டும் துடைத்துவிட்டது போல, ஈரமாக நக்கியெடுத்தது போல, சுத்தமாக இருந்தது.

"கலிமா, இது என்ன?"

கலிமா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் சமாச்சாரம் என்று இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"மண்ணு திங்கணும் போல இருக்குன்னு அழுதா. மசக்கையில எல்லாருந்தான் திங்கிறோம். எர்மெக் வயித்துல இருக்கும்போது நான் திங்கலையா? ஆத்தங்கரையில குனிஞ்சு எடுக்கப் போனா. நான்தான்…" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான் சொன்னேன். வெளி மண்ணு வேணாம்டி, ஆடு மாடு நடக்குற மண்ணு, அசுத்தம். வீட்டுச் சுவத்துல சுரண்டித் தின்னு, அது சுத்தமான மண்ணுன்னு நான்தான் சொன்னேன்."

ஜோல்தோஷ் மெத்தைமேல் உட்கார்ந்தான். பிறகு எழுந்து, குழி விளிம்பில் ஒரு சின்னப் பூச்சுத் துண்டை உடைத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ரகியாவிடம் போனான்.

ரகியா சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவனுக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும். பிஷ்கெக்கிலிருந்து பதில் வந்துவிட்டது, முடியில் ஆர்செனிக் என்று மட்டும் சொன்னாள்.

"மலைக்குள்ளதானே அது எத்தனையோ காலமா இருந்துச்சு. எங்க பாட்டன் பூட்டன் அந்த மலையிலதானே ஆடு மேய்ச்சாங்க?" என்று கேட்டான். எதிர்த்துக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டான்.

"பாறைக்குள்ள இருந்தவரைக்கும் அது குகையில தூங்குற ஓநாய் அண்ணே. பாறையை அரைச்சு மாவாக்கி வெளியே கொட்டினோம். காத்து பட்டுச்சு, மழை பட்டுச்சு, துரு ஏற ஆரம்பிச்சுது. ஓநாய் முழிச்சுக்கிச்சு. இப்ப ஈரம் எங்க போகுதோ அதுவும் கூடவே போகும். ஓடைக்குப் போகும், கிணத்துக்குப் போகும். சுவத்துல வெச்சா சுவத்து வழியா வெளியே வரும். அந்த வெள்ளை வெறும் உப்பு இல்லண்ணே."

அவன் தன் உள்ளங்கையை விரித்து அவள் முன் நீட்டினான். ரகியா அந்தக் காய்ப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள்.

பெர்மெத் வந்தாள். கூடவே அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக அவள் அம்மாவும் வந்திருந்தாள். கிளம்புகிற அன்று காலை பெர்மெத்தான் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். கைப்படைகளை மறைக்கச் சட்டைக்கையை இழுத்துவிட்டிருந்தாள். மாமனாரின் கிண்ணத்தில் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். தேநீர் விளிம்பு வரை வந்து ததும்பி நின்றது.

கலிமா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். ஜோல்தோஷ் ததும்பாமல் அந்தக் கிண்ணத்தை எடுக்கப் பார்த்தான். தூக்கியதும் துணிவிரிப்பில் சிந்தியது.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அந்த மேட்டுக்குக் காவல் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அது எங்க பக்கம் வந்துடாம காக்குறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் பெர்மெத். குரலில் கோபம் இல்லை. எழுந்து, வழக்கம்போல மாமனாருக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வெளியேறினாள்.

அந்த வாரம் ஜோல்தோஷ் வீடு வீடாகப் போய் அஷாருக்கு அழைத்தான். கட்ட அல்ல, இடிக்க. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு இடுப்புவலி. ஒருவனுக்கு ஆடு ஈன்றிருந்தது. "துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கு, பாவம்" என்று ஒருத்தி அவன் காதுபடவே சொன்னாள். அவர்கள் வராததற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். அவன் சுவரை இடிக்க வந்தால், நாளைக்குத் தங்கள் சுவரையும் இடிக்க வேண்டும். ஒருவனது குளியலறை, இன்னொருவனது மாட்டுக் கொட்டகை, வேறொருவனது ரொட்டி அடுப்பு, எல்லாம் அதே மணல்.

கட்டும்போது வந்த ஊர் இடிக்கும்போது வரவில்லை. முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, தூசி கிளம்பாமலிருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, அவன் ஒருவனே கடப்பாரையால் இடித்தான். மெத்தைக்குப் பின்னால் குழி இருந்த சுவரைக் கடைசியாக வைத்துக்கொண்டான். அந்தச் சுவருக்கு எதிரே கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றபோதுதான் லாரிச் சத்தம் கேட்டது.

சுயுன் இறங்கி வந்து நின்றான். அவனும் முகத்தில் துணி கட்டியிருந்தான். மேலே தெரிந்த கண் சிவந்திருந்தது.

"அண்ணே, என் வீட்டுலயும் அதே பூச்சுதான்."

"தெரியும். நான்தானே தெறந்துவிட்டேன்."

"என் மருமகளும் முழுகாம இருக்காண்ணே."

"நிக்காதே. வீட்டுக்குப் போயி முதல்ல அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு வா. அப்புறம் இதை இடிப்போம். அப்புறம் உன்னோடது."

இடித்த மண்ணையெல்லாம் அதே லாரியில் ஏற்றிச் சாம்பல் மேட்டுக்கே கொண்டுபோனார்கள். ரகியா சொன்னபடி அதன்மேல் நல்ல களிமண் போட்டு மூடினார்கள். ஜோல்தோஷ் கோழிக்கூட்டைப் பிரித்துப் பலகையை எடுத்தான். எச்சமும் இறகும் ஒட்டியிருந்ததைக் கழுவித் துடைத்து, மண்டையோடு பாதையைப் பார்க்கும்படி கேட்டில் ஆணியடித்தான். தன் பட்டியிலிருந்த கம்பியை உருவி வந்து கேட்டின் இரண்டு பக்கமும் கட்டினான். கம்பி கொஞ்ச தூரத்துக்குத்தான் வந்தது. மிச்சம் ஊர்ப் பட்டிகளில் இருந்தது.

சில நாள் கழித்துக் கீழூர்க்காரன் ஒருவன் புது லாரியோடு வந்தான். விஷயம் தெரியாதவன். லாரியில் உயிரோடு ஒரு கிடாய் கட்டியிருந்தது.

"சலாம் அண்ணே! எங்க ஊர்ல குழந்தைங்க பள்ளிக்கூடத்துக்குப் பூச்சு வேலை. ரெண்டு லோடு வேணும். இந்தக் கிடாயை வெச்சுக்கோ."

ஜோல்தோஷ் எழுந்திருக்கவில்லை. "கிடாயைத் திருப்பிக் கொண்டு போ."

கீழூர்க்காரன் சிரித்தான். "என்னண்ணே, ரேட்டு ஏறிப்போச்சா?"

"ஆமாடா, ஏறிப்போச்சு" என்றான் ஜோல்தோஷ். "இத்தனை வருஷமா ஆட்டுத் தொடைக்குத்தான் குடுத்துட்டிருந்தேன். கடைசி லோடுக்கு என் பேரப்பிள்ளையைக் குடுத்தேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. ஜோல்தோஷ் எழுந்து வந்து, காய்த்துப்போன கையால் கேட்டிலிருந்த பலகையைத் தட்டிக் காட்டினான்.

"இதை எழுதினவனை நான் நம்பல. அவன் பொய்யன், இன்னைக்கும் அவனை நம்ப மாட்டேன். ஆனா பொய்யன் சொன்னாலும் விஷம் விஷந்தான்டா. மணலைக் கொண்டுபோய்க் குடுத்து சோதிச்சுப் பாத்திருக்கலாம். ரகியா சொன்னதைக் காதுல வாங்கியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கல, ஆட்டுத் தொடை வேண்டியிருந்துச்சு. காவல்காரன் கையை நீட்டினா ஊருக்குத்தான் கேடுன்னு சொல்வாங்க. அந்தக் கேடு முதல்ல நொழைஞ்சது என் வீட்டுலதான். போ. உங்க பள்ளிக்கூடத்துக்கு ஆத்து மணலை அள்ளிப் பூசு. கரடுமுரடா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், பிள்ளைங்க உசுரோட இருக்கும்."

கீழூர்க்காரன் லாரியைத் திருப்பினான். ஜோல்தோஷ் கேட்டின் பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, முதல் முறையாக ஊர்ப் பக்கம் முதுகைக் காட்டாமல், மேட்டுக்கு முதுகைக் காட்டாமல், இரண்டும் கண்ணில் படும்படி நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.